ஒரு மூடி மண்ணெண்ணெய்

பன்னிரண்டாம் தரத்துக்குப் பொருளியல் முதற்பாடம் எடுக்கும் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ‘அருமை’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். போன வருடம் பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பிக் கேட்டான்: “ரீச்சர், அருமை எண்டா நல்லம் எண்டுதானே அர்த்தம்? சாப்பாடு அருமை, பாட்டு அருமை எண்டுறம்.” நான் வாய் திறக்குமுன் முன்வாங்கில் இருந்தவள் திரும்பி, “எங்கட வீட்டில காசும் அருமைதான். அது நல்லமோ?” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றைய பாடத்தில் பாதியை அவர்கள் இரண்டு பேருமே முடித்துவிட்டார்கள்.

அரிதாகக் கிடைப்பதும் நல்லதும் நம்முடைய பேச்சில் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்கிறோம். இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் வயதானவர்களிடம் ‘அருந்தல்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. “முந்தி மாதிரி இல்லைப் பிள்ளை, இப்ப தேனும் அருந்தல், பாலைப்பழமும் அருந்தல்” என்பார்கள். எங்கள் பாடத்தில் ‘அருமை’ என்றும் ‘கிடைப்பருமை’ என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சிலவற்றில் ‘பற்றாக்குறை’ என்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பற்றாக்குறை என்றால் மாதக் கடைசியில் கணக்கில் துண்டு விழுவது. அருமை அப்படியல்ல, கணக்கு ஒத்துப்போகும் நாளிலும் அது வீட்டுக்குள்தான் இருக்கும்.

வரைவிலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன். லயனல் ரொபின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1932இல் எழுதியது. மனிதருக்கு நோக்கங்கள் பல. அவற்றை அடைவதற்கான வழிவகைகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ஒன்றுக்குப் பயன்படுத்தினால் மற்றதற்கு இல்லை. இந்த நிலையில் மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பொருளியல் என்றார். நானும் உயர்தரத்தில் இதைப் பாடமாக்கித்தான் எழுதினேன். ஆனால் அதற்கு முன்பே, ஒரு ஜாம் போத்தல் விளக்கடியில் இதை ஓரளவுக்குக் கண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

1996 செப்டெம்பரில், சண்டைக்குத் தப்பி, கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சைக்கிள், இரண்டு உரப்பை உடுப்பு, சட்டி பானை. அவற்றோடு அம்மா ஒரு தலையணை உறைக்குள் எதையோ கட்டி எடுத்து வந்தார். அவிழ்த்துப் பார்த்தால் தொடர்கதைகளை வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துக் கட்டிய பைண்டிங் புத்தகங்கள் நாலு. “இதையும் சுமந்தோ வந்தனீர்?” என்று அப்பா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

அந்தப் புத்தகங்களின் மேல்தான் பிறகு விளக்கு வைத்தோம். மேசை கிடையாது. பாயில் இருந்து படிக்கும்போது வெளிச்சம் கொப்பியில் விழ, விளக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். நாலு புத்தகமும் சேர்ந்தால் சரியாக ஒரு சாண்.

அந்த விளக்கைத் தெரியாத வன்னிக்காரர் இருக்க மாட்டார். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சிறு கம்பியில் சுற்றிய நூல்திரி அந்தப் பஞ்சில் தொட்டுக்கொண்டு நிற்கும். கண்ணாடி காற்றை மறைக்கும். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் ஒரு சின்னப் பங்குதான் இது குடிக்கும். வெளிச்சமும் அதற்கேற்ற மாதிரித்தான். ஒரு கொப்பியின் இரண்டு பக்கம் தெரியும், எதிரில் இருப்பவரின் முகம் மூக்கு வரைக்கும் தெரியும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

எண்ணெயை அம்மா அதே போத்தலின் தகர மூடியால் அளந்து ஊற்றுவார். ஒரு நாளைக்கு ஒரு மூடி. அது முடிந்தால் படிப்பும் முடிந்தது. சோதனை நாட்களில் ஒன்றரை மூடி. அந்த அரை மூடிக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், அதே எண்ணெய்க்கு வீட்டில் இன்னொரு ஆள் காத்திருந்தது. அப்பா ஒரு காணித் துண்டைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கிற மெஷின் மண்ணெண்ணெயில் ஓடும். எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதை மருந்தேற்றும் ஊசிக்குழாயில் வைத்திருந்து, சாமிக்குத் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி விடுவார். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் மெஷினுக்குள் போனால் தோட்டத்தில் பாதிக்குக்கூட ஒரு தடவை இறைத்து முடியாது. விளக்குக்குப் போனால் எனக்கு ஒரு மாதப் படிப்பு. மிளகாய்க் கண்டு வாடினால் அந்த மாத அரிசிக்குக் காசில்லை. பாடத்தில் இதற்குப் பெயர் அமையச் செலவு. ஒன்றைத் தெரிவுசெய்தால் கைவிட வேண்டிவருகிற அடுத்த நல்ல விஷயம் எதுவோ அதுதான் தெரிவின் உண்மையான விலை. என்னுடைய ஒரு மாதப் படிப்பின் விலை பாதித் தோட்டத்தின் ஒரு நாள் தாகம். இதை யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து மிச்சத்தைப் பார்க்கும்போது அவருடைய நெற்றியில் தெரியும்.

பிறகு அம்மாவும் பக்கத்து வளவு மாமியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாலு வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே விளக்கைச் சுற்றி இருந்து படிப்பது. இது லேசான கண்டுபிடிப்பு இல்லை. சோற்றை ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தில் ஒன்றுதான். வெளிச்சத்தை ஐந்து பேர் பார்த்தால் யாருக்கும் குறையாது, தலை மறைக்காமல் இருந்தால் சரி. எண்ணெய் அருமையாக இருக்க, அதிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் ஐவருக்கும் முழுசாகக் கிடைத்தது. பொதுப் பண்டம் பற்றிப் படிப்பிக்கும்போது புத்தகத்தில் கலங்கரை விளக்கத்தைத்தான் உதாரணம் போட்டிருக்கிறார்கள். நான் ஜாம் போத்தலைச் சொல்வேன்.

பொதுப் பண்டம் வந்தால் அதோடு சண்டையும் வரும். முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு வீடு ஒரு மூடி எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. ஒரு பெடியன் மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் “நாளைக்குக் கொண்டு வாறன்” என்பான். மூன்று தடவை பொறுத்தோம். நாலாம் தடவை எங்களில் ஒருத்தி, “அப்ப நாளைக்கே வந்து படி” என்றாள். அவன் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினான். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அவன்ர மூடி நேற்றே வந்திட்டுது. எல்லாரும் இருந்து படியுங்கோ.” வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் பொழுதுபட முன்னமே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இருட்டுக்குள் படுத்துவிடுவார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இனாமாகச் சவாரி செய்பவரைப் பற்றிப் பொருளியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஏறுவதற்குக் காசில்லாதவரும் பார்வைக்கு அதே மாதிரித்தான் இருப்பார் என்பதை அவ்வளவாக எழுதவில்லை.

புத்தகத்தோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. மனித விருப்பங்கள் எல்லையற்றவை, வளங்கள் எல்லைக்குட்பட்டவை என்று முதற்பக்கத்திலேயே தொடங்கும். இரண்டாவது பாதி சரி. முதற்பாதியை எழுதும்போது எனக்கு அம்மாதான் ஞாபகம் வருவார். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரண அரிசி எடுத்து வந்ததும் சுண்டால் அளந்து, அளந்ததில் ஒரு பிடியைத் திரும்பப் பானைக்குள் போடுவார். அந்தப் பிடியரிசி சேர்ந்து மாதக் கடைசி மூன்று நாளுக்குக் காணும். கடைசியாகச் சாப்பிடுவார். மீன் குழம்பு என்றால் அவருடைய கோப்பையில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. “எனக்கு முள்ளு ஒத்துவராது” என்பார். எல்லையற்ற விருப்பம் என்பதை அந்தக் கோப்பையில் எந்தப் பக்கம் தேடுவது? வீடு தெரிவுசெய்கிறது என்று வரைபடம் கீறுகிறோம். வீட்டுக்குள் யாருடைய விருப்பம் வெட்டுப்படுகிறது என்பது வளையியில் தெரிவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கலந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் குறைவாக இருந்ததற்குக் காரணம் உலகத்தில் மண்ணெண்ணெய் குறைவாக இருந்தது அல்ல. வவுனியாவில் இருந்தது, கொழும்பில் வேண்டிய அளவு இருந்தது. போரில் 1990இல் வடக்குக்கு விழுந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து, யூரியா என்று பட்டியல் நீண்டது. பற்றரி இல்லாமல் செய்தி கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிற ஆள் நான். கை ஓய்ந்தால் பீபீசியும் ஓய்ந்துவிடும். முக்கியமான இடத்தில் ஓய்ந்தால் அப்பாவிடம் ஏச்சு விழும். இதற்கு ‘அருமை’ என்று சொல்லக் கூடாது. இது தட்டுப்பாடு. அருமை மழை மாதிரி, எல்லோர் தலையிலும் ஏதோவொரு அளவில் பெய்யும். தட்டுப்பாட்டுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கதவும், அதைப் பூட்டிய கையும் இருக்கும். ஆனால் குசினியில் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான், போத்தலில் இருப்பது இவ்வளவு.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட, வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய நூலில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். பட்டினி என்பது சிலரிடம் சாப்பாடு போதாமல் இருப்பது, நாட்டில் சாப்பாடு போதாமல் இருப்பது அல்ல என்று தொடங்குவார். 1943 வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் செத்தார்கள். அந்த வருடம் அங்கே கிடைத்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவில்லை என்று கணக்குக் காட்டினார். 1941இல் பஞ்சம் வரவில்லை. சாப்பாடு இருந்தது, அதைப் பெறுகிற வழிதான் கூலிக்காரரிடமும் மீனவரிடமும் இல்லாமல் போனது. பல்கலைக்கழகத்தில் இதை வாசித்த அன்று நான் வேறெதுவும் வாசிக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, அப்புறம் வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சந்தியில் அப்பிள் விற்றார்கள். அப்பா ஒரு லீற்றர் பெற்றோல் வாங்கி, செலவழிக்க மனமில்லாமல், கொஞ்சநாள் சும்மா வைத்திருந்தார். விலைகள் இறங்கின, சாமான்கள் குவிந்தன. வாங்கக் காசில்லை என்ற புதுக் கவலையும் வந்தது. முன்பு சாமான் இல்லாததால் தெரியாமல் இருந்த ஏழ்மை, கடை நிறைந்ததும் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றது. அம்மா மட்டும் இன்னும் ஒரு வருடத்துக்கு மூடியால்தான் அளந்தார். “பாதை திறந்தால் பூட்டவும் தெரியும் தானே” என்றார். 2006 ஆகஸ்டில் அதுவும் நடந்தது.

போர் முடிந்த 2009ஐ இந்தக் கட்டுரையில் விரித்து எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு இது இடமும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆதம் சிமித் 1776இல் ஒரு புதிர் போட்டார்: தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, அது மலிவு, வைரத்தால் ஒரு பயனும் இல்லை, அது விலை. பிறகு வந்தவர்கள் விடை சொன்னார்கள். மொத்தமாக எவ்வளவு பயன் என்பது விலையைத் தீர்மானிக்காது, கையில் இருப்பதோடு இன்னும் ஒன்று சேர்ந்தால் என்ன பயன் என்பதுதான் தீர்மானிக்கும் என்று. நாங்கள் அந்தப் புதிரைத் தலைகீழாகப் பார்த்தோம். போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரையில் ஒரு மதியம் அம்மாவின் காப்பு அரிசியாக மாறியது. எவ்வளவு அரிசி என்று நான் எழுத மாட்டேன், அம்மாவுக்குப் பிடிக்காது.

அதன் பிறகு செட்டிகுளத்து முகாம். தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. நிவாரணத்தில் மாவும் பருப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் வரும், ஆனால் எல்லோருக்கும் ஒரே தேவை இல்லையே. கைக்குழந்தை இருக்கிற கூடாரத்துக்குப் பால்மா வேண்டும், கிழவர் இருக்கிற கூடாரத்துக்கு வெற்றிலை வேண்டும். ஒரு கிழமைக்குள் மாற்று வியாபாரம் தொடங்கிவிட்டது. எவ்வளவு பருப்புக்கு ஒரு சவர்க்காரம் என்று விலையே நிலைத்துவிட்டது. ராட்ஃபோர்ட் என்றொருவர், இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டிருந்தவர், போர்க்கைதி முகாமின் பொருளாதாரத்தைப் பற்றி 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். செஞ்சிலுவைப் பொதிகள், அவற்றை மாற்றிக்கொள்வது, கடைசியில் சிகரெட்டே காசாக மாறியது எல்லாம் அதில் இருக்கும். முகாமை விட்டு வெளியே வந்து சில வருடங்களுக்குப் பிறகு அதை வாசித்தேன். எனக்கு அதில் புதிதாக எதுவும் இருக்கவில்லை, சிகரெட்டைத் தவிர.

சரி, சமீபத்துக்கு வருவோம். 2022இல் நாடே வரிசையில் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் விசேஷம். கொழும்பில் இருக்கும் என் சிநேகிதி ஒருநாள் அழைப்பு எடுத்து, “காஸ் இல்லையடி. விறகில சோறு வடிக்கிறதெண்டால் எவ்வளவு தண்ணி வைக்கிறது?” என்று கேட்டாள். விறகுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லை, நெருப்பைத்தான் பார்க்க வேணும் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. பக்கத்தில் இருந்த அம்மா, “உவையளுக்கு இப்பத்தான் முதல் தரமோ?” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கொஞ்சம் இருக்கிற ஒன்றைப் பலருக்குப் பங்கிடும் வழிகளில் மூன்றை அந்த வருடம் ஒரே எரிபொருள் நிலையத்தில் பார்க்கலாம். ஒன்று விலை: காசுள்ளவர் வாங்கலாம். இரண்டு வரிசை: நேரமுள்ளவர் வாங்கலாம். மூன்று பங்கீடு: ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. வரிசையில் எல்லோரும் சமம் என்று நினைப்போம். அது அப்படியில்லை. மாதச் சம்பளக்காரியான நான் வரிசையில் நின்றால் சம்பளம் வந்துகொண்டே இருக்கும். எனக்கு முன்னால் நின்ற கூலிக்காரருக்கு நிற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி போகும். பம்பில் எங்கள் இருவரிடமும் ஒரே விலையைத்தான் வாங்கினார்கள். ஆனால் அவருக்கு விழுந்த விலை என்னுடையதைவிட அதிகம். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக்காரர் தப்பினார்கள், இயந்திரப் படகுக்காரர் படகைக் கவிழ்த்து வைத்தார்கள். அம்மா ஸ்டோர் அறைக்குள் போய் எதையோ துழாவினார். என்னவென்று கேட்டேன். “ஜாம் போத்தல் கிடக்கோ எண்டு பாத்தனான்” என்றார்.

இப்போது வன்னியில் எனக்குத் தெரிந்த எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிற அருமை ஒன்றுதான், தண்ணீர். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: வவுனிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், அக்கராயன்குளம். இவ்வளவு குளம் கட்டினார்கள் என்றால் இங்கே தண்ணீர் நிறைய என்று அர்த்தமில்லை. ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் மட்டுந்தான் நிறைய. 2018 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்துவிட, கனகராயன் ஆறு வயலெல்லாம் புரண்டு சுண்டிக்குளம் களப்புக்குப் போனது. ஓகஸ்டில் அதே வயலில் மாடு புல் தேடித் திரியும். எங்களுக்குத் தண்ணீர் அருமையல்ல, ஓகஸ்டுத் தண்ணீர்தான் அருமை.

அம்மாவுக்கு ஒரு குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் இருக்கிறது. குளத்தின் பெயர் வேண்டாம். மழைக்காலத்து நெல்லான காலபோகத்துக்குப் பிரச்சினை இல்லை, மழையும் குளமும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் விதைக்க வேண்டும். எல்லாக் காணிக்கும் வராது. அதனால் சிறுபோகத்துக்கு முன் ஒரு கூட்டம் வைப்பார்கள். நீர்ப்பாசனத் திணைக்களக்காரர், கமநல சேவை நிலையத்துக்காரர், கமக்காரர் அமைப்பு, காணிக்காரர். அப்பா போனபிறகு அம்மாதான் போகிறார். நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன்.

போன முறை பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதில் எவ்வளவு வெயிலில் போகும், மீனுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு விட வேண்டும் என்று கழித்துக் கழித்து, கடைசியில் மூன்றில் ஒரு பங்குக் காணிக்குத்தான் காணும் என்றார். உடனே சத்தம் கிளம்பியது. தலைவாய்க்காலடிக் காணிக்காரர், தண்ணீர் எங்கள் பக்கத்தால்தானே வருகிறது, நாங்கள் விதைக்கிறோம் என்றார்கள். கடைவாய்க்கால் பக்கத்தார், அப்படியானால் காலபோகத்தில் உங்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்கியது எதற்கு என்றார்கள். நெல்லுக்குப் பதிலாகப் பயறு, உழுந்து போட்டால் கூடுதல் காணிக்குக் காணும் என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் போடவில்லை. ஒரு பெரியவர் எழும்பி, முந்திக் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்ட ஊர் அதிகாரியை நினைத்து, “வட்டவிதானை இருந்த காலத்தில இவ்வளவு கதை இல்லை” என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர், “வட்டவிதானைக்கு நெல்லு அளந்த காலம் அது, கதைக்க ஏலாது” என்றார்.

முடிவு பழைய வழிதான். தலைவாய்க்காலடியில் ஒரு பகுதியை எடுத்து, அதை எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் காணிக்கு ஏற்றபடி பங்கு பிரிப்பது. மூன்று ஏக்கர்க்காரிக்கு ஒரு ஏக்கர், ஆனால் வேறொருவருடைய வயலில். சிங்களக் கிராமங்களிலும் ‘பெத்ம’ என்று இதே வழக்கம் காலங்காலமாக இருக்கிறது. காணி யாருடையது என்பதை ஒரு போகத்துக்கு மறந்துவிட்டு, தண்ணீரில் எல்லாருக்கும் உரிமை என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் பொருளியல் படித்தவர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த பங்கீட்டு முறைகளில் இதைவிட நியாயமானது அதிகம் இல்லை. ஆனால் குறையில்லாமலும் இல்லை. காணியே இல்லாத கூலிக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை கிடையாது.

பெரிய அளவில் இதே வழக்கு இரணைமடுவிலும் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குழாய் மூலம் யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோவது திட்டம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் கிணறுகள் பழுதாகிக்கொண்டு வருவது உண்மை. எங்கள் சிறுபோகம் ஏற்கெனவே பங்குக் கணக்கில் ஓடுவதும் உண்மை. எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர், கலியாண வீடுகளில் இந்தக் கதை வந்தால் எழும்பிப் போய்விடுவேன். கடைசியில் யாழ்ப்பாண மாவட்டக் கரையோரத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். காற்று, சூரிய ஒளி, கடல் நீர் என்று இலவசப் பண்டங்களுக்கு உதாரணம் எழுதிக் கொடுத்த கை இது. கடல் இலவசம்தான். அதிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரமும் சவ்வும் காசும் வேண்டும். இப்போதெல்லாம் அந்த மூன்றாவது உதாரணத்தை எழுதும்போது சோக்கட்டி ஒருகணம் நிற்கிறது.

கூட்டம் முடிந்து வரும்போது அம்மா பின்னால் இருந்து, அந்த ஒரு ஏக்கரை விதைப்பதா, பங்கை யாருக்காவது குத்தகைக்குக் கொடுப்பதா என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். உழவுக் கூலி இவ்வளவு, விதைநெல் இவ்வளவு, இரவில் தண்ணி மறிக்க ஆள் வேணும். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு ஓட்டினேன். மறுநாள் பிள்ளைகளுக்கு ஜாம் போத்தல் கதையைச் சொல்வதாக இருந்தேன். அதனால் கேட்டேன்.

“அம்மா, மல்லாவியில நாங்கள் விளக்கு வைச்ச அந்த பைண்டிங் புத்தகங்கள். நீங்கள் அதை வாசிச்சதை நான் காணேல்லையே?”

“முழுக்க எங்க வாசிச்சது. மூண்டாவதில பாதியில நிண்டது. பிறகு அதுவும் போச்சுது.”

“வெளிச்சம்தான் இருந்ததே. ஐஞ்சு பேர் இருந்த இடத்தில ஆறாவதா நீங்களும் இருந்திருக்கலாம். எண்ணெய் கூடச் செலவாகாது.”

அம்மா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. குன்றும் குழியுமாக இருந்த இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த நேரத்திலதானே பிள்ளை நான் அடுத்த நாள் அரிசிக்குக் கல்லுப் பொறுக்கிறது. இருட்டில பொறுக்க ஏலுமே? உங்கட விளக்கின்ர மற்றப் பக்கத்திலதான் இருந்தனான்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பாதை மோசம்.

“சங்கக்கடையடியில ஒருக்கா நிப்பாட்டு,” என்றார். “தேயிலை முடிஞ்சு போச்சுது.”